16 எம்பி படங்கள், 20 எம்பி வரம்பு: மெயில் ஏன் திரும்பி வருகிறது?

திருவையாற்றுக்காரன்:
தை மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். சின்னதாக ஒரு மலர் போடுகிறோம். பழைய படங்களை முதலில் வாட்ஸப்பில்தான் அனுப்பினேன். "ப்ரூஃபில் அம்மாவோட மூக்குத்தியே காணோம் சார், ஒரிஜினலை மெயில்ல போடுங்க" என்றார் அச்சகத்துக்காரர். நியாயம்தான்.

பதினொரு படங்களையும் 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்தேன். 1971 கல்யாணப் படம் ஆல்பத்தின் கறுப்பு அட்டையோடு பசையில் ஒட்டிக்கிடந்தது. ஓரம் கிழியாமல் பிரிக்கவே அரை நாள் போயிற்று. மொத்தம் 16 எம்பி. ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாமே என்று அனுப்பினால், இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. 552 என்று ஒரு எண். அவர்கள் பக்க வரம்பு 20 எம்பியாம், என் மெயில் 22 எம்பியாம். 16 எப்படி 22 ஆகும்? கால்குலேட்டரில் மூன்று தடவை கூட்டிவிட்டேன்.

குட்டிச்சுவர்:
ஜிப் பண்ணி அனுப்புங்க சார், வேலை முடிஞ்சுது.

திருவையாற்றுக்காரன்:
அதையும் செய்தேன் தம்பி. 16 எம்பி 15.9 ஆனது.

டிடிபி அக்கா:
ஜேபிஜி ஏற்கெனவே சுருக்கிய கோப்பு. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் என்ன வரும்?

உங்கள் கணக்கு சரிதான் சார். மெயில் என்பது முதலில் வெறும் எழுத்துக்காக உருவானது. 1992இல் மைம் என்ற முறை வந்த பிறகுதான் படமும் கோப்பும் பரவலாக அதில் போக ஆரம்பித்தன. இன்றைக்கும் பெரும்பாலும் படத்தை எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறது. 3 பைட்டுக்கு 4 எழுத்து. வரி முறிவுகளும் சேர்ந்தால் 16 எம்பி 22 பக்கம் போய் நிற்கும். அப்புறம், 25 என்பது ஜிமெயிலின் வரம்பு. வாங்குகிறவரின் சர்வருக்குத் தனி வரம்பு உண்டு.

இரண்டு மெயிலாகப் பிரித்து, தலைப்பில் 1/2, 2/2 என்று போடுங்கள். கோப்புக்கு "ஸ்கேன்0007" என்று பெயர் வைக்காதீர்கள், பக்கம் போடுகிறவர் பாவம். பக்க எண், ஆள், வருடம் மூன்றும் பெயரிலேயே இருக்கட்டும். தயவுசெய்து வேர்டில் ஒட்டி மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அப்படி வருகிற படங்களைத் தோண்டியெடுத்தே எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

மொட்டைமாடி:
டிரைவ் லிங்க்கும் அனுப்பலாம். ஆனால் "இணைப்பு உள்ள எவரும்" என்று மாற்ற மறந்தால், ராத்திரி பதினொரு மணிக்கு அனுமதி கேட்டு உங்களுக்கு மெயில் வரும். வாட்ஸப்பிலேயே 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் தரம் குறையாது.

திருவையாற்றுக்காரன்:
ஆறும் ஐந்துமாகப் பிரித்து அனுப்பினேன், போய்விட்டது. இப்போதுதான் அச்சகத்திலிருந்து போன். மூக்குத்தி பளிச்சென்று தெரிகிறதாம். "ஏழாவது படத்துல சைக்கிளோட நிக்கிறது அப்பாவா சித்தப்பாவா சார்? கோப்புப் பேர்ல ரெண்டு பேரையும் போட்டிருக்கீங்களே" என்று கேட்டார். அப்பாவிடமே காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சைக்கிள் என்னுதுதான்" என்றார்.