1932 ஜெயில் சர்டிபிகேட்டில் 'டி.ஆர்.' என்று இருந்தால் அந்தமானா?

திண்டுக்கல் பேத்தி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கம்மாவைப் பெற்ற தாத்தா காங்கிரஸ் தொண்டராக ஜெயிலுக்குப் போனவர். தியாகி பென்ஷனுக்காக மாமா வாங்கி வைத்திருந்த சர்டிபிகேட்டின் நகல் போன வாரம்தான் என் கைக்கு வந்தது. முழுக்க எழுத்தும் புள்ளியுமாக இருக்கிறது. உள்ளபடியே தருகிறேன்:

"யு/எஸ் 17(1) சி.எல்.ஏ. ஆக்ட். சி.சி. 9/32, எஸ்.டி.எம். திண்டுக்கல், 18-1-32. 6 எம். ஆர்.ஐ. & ஃபைன் ரூ. 50 ஐ.டி. 6 டபிள்யூ. ஆர்.ஐ. கிளாஸ் சி. திருச்சி சி.ஜெ. டி.ஆர். அலிபுரம். எஃப்.ஆர். ரூ. 20 டி.டபிள்யூ. ரெல். 12-8-32."

'ஆர்.ஐ.' கடுங்காவல் என்று தெரியும். 'டி.ஆர்.' நாடு கடத்தலா? "உங்க தாத்தாவைக் கண்காணாத ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று அம்மாச்சி அழுவாராம். 'சி' கிளாஸ் என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. மோசமான கைதிகளோடு சேர்த்துவிட்டார்களோ என்று கேட்கிறார். அவருக்கு 84 வயது. சரியான பதிலைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கோவை வாசகர்:
எங்கள் பாட்டனார் மீது ஒரு கொலை வழக்கு இருந்தது. அந்தத் தாளில் 'டி.ஆர். ஃபார் லைஃப்' என்று இருக்கிறது. அது அந்தமான்தான். உங்களுடையதும் அப்படி இருக்கலாம்.

முன்னாள் ஜெயில் குமாஸ்தா:
அம்மா, அந்தமான் இல்லை. அந்தக் காலத்தில் நாடு கடத்தல் தண்டனை ஏழு வருஷத்துக்குக் குறைந்து கிடையாது. ஆறு மாதத் தண்டனைக்காரருக்கு அது பொருந்தாது. ஒரே எழுத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் பக்கத்தில் உள்ள தண்டனைக் காலத்தைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். கோவை நண்பர் தாளில் ஆயுள் என்று இருக்கிறது, அதனால் அவருக்கு நாடு கடத்தல் என்பது சரி. உங்கள் தாத்தாவுக்கு 'டி.ஆர்.' என்பது டிரான்ஸ்ஃபர். 'சி.ஜெ.' சென்ட்ரல் ஜெயில். திருச்சியிலிருந்து அலிபுரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அலிபுரம் பெல்லாரியில் இருக்கிறது. பெல்லாரி 1953 வரை சென்னை மாகாணத்தோடுதான் இருந்தது. கல்கத்தா அலிப்பூர் வேறு. ஆனாலும் திண்டுக்கல்லில் இருந்த உங்கள் அம்மாச்சிக்குப் பெல்லாரி கண்காணாத ஊர்தானே.

1932 ஜனவரியில் காந்தியைப் பிடித்ததும் காங்கிரஸ் அமைப்புகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். 'சி.எல்.ஏ.' என்பது 1908-ஆம் வருஷத்துக் குற்றவியல் திருத்தச் சட்டம். 'யு/எஸ் 17(1)', அதாவது அதன் 17(1) பிரிவின்கீழ் என்றால், தடை செய்த சங்கத்தில் உறுப்பினராக இருந்தது. திருட்டோ அடிதடியோ இல்லை. அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள். 'சி' கிளாஸும் குற்றத்தை வைத்துப் போட்டது அல்ல. 1930-ல் வந்த ஏ, பி, சி பிரிவினையில் படிப்பு, அந்தஸ்து, வீட்டில் வாழ்ந்த விதம் எல்லாம் பார்த்தார்கள். சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்த தொண்டர்கள் பெரும்பாலும் 'சி'தான்.

என்னை யோசிக்க வைத்தது கடைசி வரி. 'ஐ.டி.' என்றால் அபராதம் கட்டத் தவறினால். ஆறு மாதம் ஜூலை 17-ல் முடிகிறது. ஐம்பது ரூபாயையும் கட்டியிருந்தால் அப்போதே வெளியே வந்திருப்பார். ஒன்றுமே வசூலாகாமல் இருந்தால் '6 டபிள்யூ.', ஆறு வாரம், இன்னும் 42 நாள், அதாவது ஆகஸ்ட் 28 வரை உள்ளே. 'ரெல்.' என்பது விடுதலை, அவர் வந்ததோ ஆகஸ்ட் 12. நடுவில் ஏன்? 'எஃப்.ஆர்.' என்பது வசூலான அபராதம். 'டி.டபிள்யூ.' ஜப்தி வாரண்டு. இருபது ரூபாய் ஜப்தியில் வசூலாகியிருக்கிறது, பாக்கி முப்பது. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 69-ஆவது பிரிவுப்படி வசூலான பங்குக்கு நாள் கழித்தார்கள். 42-ல் ஐந்தில் மூன்று பங்கு 25 நாளும் சொச்சமும். ஜூலை 18-லிருந்து எண்ணிப் பாருங்கள், ஆகஸ்ட் 12 வரும். அவராகக் கட்டியிருந்தால் வாரண்டு எதற்கு? வீட்டில் எதையோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அம்மாவிடம் கேளுங்கள்.

'சி.சி. 9/32' என்பது காலண்டர் கேஸ் நம்பர். 'எஸ்.டி.எம்.' சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட் கோர்ட். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விசாரிக்கப் போனால் அந்த நம்பர், கோர்ட், வருஷம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

திண்டுக்கல் பேத்தி:
ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வாரண்டு என்றதுமே "அண்டா" என்றார். அம்மாச்சி சீராகக் கொண்டு வந்த பித்தளை அண்டாவையும் இரண்டு குத்துவிளக்கையும் போலீஸ்காரர்கள் வண்டியில் ஏற்றிப் போனார்களாம். ஏலத்தில் எடுக்க ஊரில் ஒருத்தரும் முன்வரவில்லையாம், வெளியூர் ஆள் ஒருவர் எடுத்தாராம். அம்மாச்சி சாகும்வரை அந்த அண்டாவைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அந்த அண்டாவால் தாத்தா பதினாறு நாள் முன்னால் வந்தார் என்பது இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மா அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.