வரிசைமாற்றத்தில் எந்த எண்ணும் இரண்டு இடத்துக்கு மேல் நகரக் கூடாது: விடை 29-ஆ, 31-ஆ?

கேள்வி

வணக்கம். 1 முதல் ந வரையுள்ள எண்களை வரிசை மாற்றும்போது, எந்த எண்ணும் தன் இடத்திலிருந்து இரண்டு இடத்துக்கு மேல் விலகக் கூடாது என்றால், அத்தகைய வரிசைமாற்றங்கள் எத்தனை? அந்த எண்ணிக்கையை அ(ந) என்று குறிக்கிறேன்; அ(0) = 1. ஓரிடம் மட்டுமே விலகலாம் என்ற நிலையில் முதல் எண் அசையாமல் இருக்கும் அல்லது இரண்டாம் எண்ணோடு இடம் மாறும் என்பதால், 1, 2, 3, 5, 8 என்று ஃபிபனாச்சி எண்களே வந்துவிடுகின்றன.

அதே போக்கில், வரிசையின் தொடக்கத்தில் உள்ள, மேலும் உடைக்க முடியாத துண்டின் (தன் இடங்களுக்குரிய எண்களையே தனக்குள் மாற்றி வைத்திருக்கும் மிகச் சிறிய தொடக்கப் பகுதியின்) நீளத்தைக் கொண்டு பிரித்தேன். நீளம் 1, 2 உள்ள துண்டுகள் ஒவ்வொன்றும், நீளம் 3, 4 உள்ளவை மும்மூன்றும் கிடைத்தன. ஆகவே அ(ந) = அ(ந−1) + அ(ந−2) + 3அ(ந−3) + 3அ(ந−4) என்று எழுதினேன். ந = 4 வரை 1, 2, 6, 14 என்று சரியாக வருகிறது. ஆனால் ந = 5 எனும்போது இது 29 தர, 120 வரிசைமாற்றங்களையும் உருவாக்கிச் சலிக்கும் என் பைத்தான் நிரலோ 31 என்கிறது. ந = 6-க்கு 67-ம் 73-ம். நிரலை மூன்று முறை படித்தும் பிழை கண்ணில் படவில்லை.

மறுமொழி 1

நிரலைச் சந்தேகிக்க வேண்டாம். 31 சரி என்பதைக் கையாலேயே சரிபார்க்கலாம். கிடைவரிசைகள் இடங்களையும் செங்குத்து வரிசைகள் எண்களையும் குறிக்கும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் விலக்கப்பட்ட கட்டங்கள் ஆறு: மேல் வலது மூலையில் மூன்று, கீழ் இடது மூலையில் மூன்று. ஒரு மூலையில், ஒரே கிடைவரிசையிலோ செங்குத்து வரிசையிலோ அமையாதவாறு ஒரு கட்டத்தை 3 வழிகளிலும் இரண்டு கட்டங்களை 1 வழியிலும் தேர்ந்தெடுக்கலாம். இரு மூலைகளையும் சேர்த்தால் 0, 1, 2, 3, 4 கட்டங்களைத் தேர்ந்தெடுக்க முறையே 1, 6, 11, 6, 1 வழிகள் கிடைக்கின்றன. சேர்த்தல்–விலக்கல் முறைப்படி 120 − 6×24 + 11×6 − 6×2 + 1 = 31.

மறுமொழி 2

விடுபட்ட அந்த இரண்டையும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது: 3 1 5 2 4 என்பதும், அதன் நேர்மாறான 2 4 1 5 3 என்பதும். இவற்றை எந்த இடத்தில் வெட்டினாலும் இடப்பக்கத் துண்டு தனக்குள் நிறைவு பெறுவதில்லை. நீளம் 4-க்கு மேல் உடையாத துண்டு இருக்காது என்று நீங்கள் சொல்லாமலே எடுத்துக்கொண்டதுதான் பிழை. 3 1 5 2 6 4, 3 1 5 2 7 4 6 என்று சங்கிலிபோல இதை எவ்வளவு தூரமும் நீட்டலாம். நீளம் 5 முதல் ஒவ்வொரு நீளத்துக்கும் சரியாக இரண்டு துண்டுகள் உண்டு.

எனவே உங்கள் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் 2[அ(ந−5) + அ(ந−6) + … + அ(0)] என்பதையும் கூட்டுங்கள். பிறகு அதே சமன்பாட்டை ந−1-க்கு எழுதிக் கழித்தால் நீண்ட கூட்டல் முழுவதும் அடிபட்டு,

அ(ந) = 2அ(ந−1) + 2அ(ந−3) − அ(ந−5)

என்பது மட்டும் மிஞ்சும். ந = 5 முதல் இது செல்லும்: 31, 73, 172, 400, 932, 2177.

கேட்டவர்

மிக்க நன்றி. தாளில் 3 1 5 2 4-ஐ எழுதி ஒவ்வோர் இடைவெளியிலும் கோடு போட்டுப் பார்த்த பிறகே நம்பினேன். மூன்று இடம் வரை விலகலாம் என்றால் துண்டுகளின் பட்டியல் கைக்கு அடங்கவில்லை. நிரலும் 13 எண்களுக்கே 622,70,20,800 வரிசைகளைத் தேட வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

மறுமொழி 2

துண்டுகளை விட்டுவிட்டு, இடங்களை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நிரப்புங்கள். விலகல் வரம்பு க என்றால், இ-ஆம் இடத்தை நிரப்பும் முன் நினைவில் கொள்ள வேண்டியவை இ−க முதல் இ+க−1 வரையுள்ள 2க எண்கள் மட்டுமே. அவற்றுள் சரியாக க எண்கள் செலவாகியிருக்கும். (1-க்குக் கீழுள்ள எண்களைத் தொடக்கத்திலேயே செலவானவையாகக் கொள்ளுங்கள்.) இ−க என்ற எண் இன்னும் மீதமிருந்தால் அதை இப்போதே வைத்தாக வேண்டும், அடுத்த இடத்துக்கு அது எட்டாது. இவ்வாறு க = 2 எனில் 6 நிலைகள், க = 3 எனில் 20 நிலைகள்; ந எவ்வளவு பெரிதானாலும் நிலைகளின் எண்ணிக்கை கூடாது.

உண்மையில் நாம் கணிப்பது, மூலைவிட்டத்தை ஒட்டிய பட்டையில் மட்டும் 1-களைக் கொண்ட அணியின் பெர்மனென்ட் (அணிக்கோவையைப் போன்றது, ஆனால் எல்லா உறுப்புகளும் கூட்டல் குறியோடே வரும்). பொதுவான 0–1 அணிகளுக்கு அதைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதை 1979-இல் கணினி அறிவியலாளர் லெஸ்லி வேலியன்ட் நிறுவினார். பட்டை குறுகலாக இருப்பதால்தான் நாம் தப்பிக்கிறோம்.

கேட்டவர்

எழுதினேன், ஆனால் க = 3, ந = 1-க்கே விடை 4 என்று வருகிறது. ஓர் எண்ணுக்கு நான்கு வரிசைமாற்றங்களா?

மறுமொழி 1

முடிவில் எல்லா நிலைகளையும் கூட்டியிருக்கிறீர்கள். முதல் இடத்தில் 2, 3, 4 ஆகியவற்றை வைத்த கணக்குகளும் அதில் கலந்துள்ளன. 1 முதல் ந வரை அனைத்தும் செலவாகி, ந-க்கு மேல் எதுவும் தொடப்படாத அந்த ஒரே நிலையின் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள்.

கேட்டவர்

அந்த ஒரு வரியை மாற்றியதும் 1, 2, 6, 24, 78, 230 என்று வந்தது; ந = 6 வரை பழைய நிரலோடும் ஒத்துப்போகிறது. 230-ஐ மூலைக் கட்டங்களைக் கொண்டு கையாலும் போட்டுப் பார்த்தேன்: 720 − 720 + 264 − 36 + 2.