மாரிகாலத்துக்கு முன்னே

நான் ஆயராகி 22 வருடம் ஆகிறது. இப்போது வடசென்னையில் ஒரு சபையில் இருக்கிறேன். தினமும் வாசிக்கிற ஆள்தான், ஆனால் உண்மையைச் சொன்னால் அதில் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமைக்காக வாசித்தது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கையில் பென்சில் இருக்கும், இது பிரசங்கத்துக்கு ஆகுமா என்று கண் தேடிக்கொண்டே போகும், ஆகாத பக்கத்தைப் புரட்டிவிடுவேன். வேதத்தையும் நான் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதைக் காசிமேட்டில் ஒரு அம்மா எனக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அதைத்தான் எழுத வந்தேன்.

அவர்களுக்கு வயது 75க்கு மேல். கணவர் கட்டுமரத்தில் போனவர், இப்போது பேரன் விசைப்படகில் போகிறான். பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் ஆராதனையில் பாட்டுப் புத்தகம் இல்லாமலே எல்லாச் சரணமும் பாடுவார்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தபோது பார்க்கப் போனேன். வீடு சந்திப்பு என்றால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், டீ, அப்புறம் அடுத்த வீடு. அன்றைக்கு அந்த அம்மா, "ஐயா, அவசரம் இல்லன்னா கொஞ்சம் நெறையப் படிங்க, டிவி பாக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றார்கள். மறுநாள் ஒரு அடக்க ஆராதனை இருந்தது, அதற்காக இரண்டாம் தீமோத்தேயு (பவுல் சிறையிலிருந்து, தன் பிள்ளையைப்போல நினைத்த தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதம்) நான்காம் அதிகாரத்தில் தாள் வைத்திருந்தேன். சரி, அதையே வாசிப்போம் என்று ஆரம்பித்தேன்.

"நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." இந்த வசனம் தெரியாத கிறிஸ்தவ வீடு இருக்காது. கல்லறைக் கல்லில் இருக்கும், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருக்கும். நானே எத்தனை பெட்டிகளுக்கு முன்னால் நின்று இதை வாசித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. எப்போதும் எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடுவேன். அந்த அம்மா நிறையக் கேட்டதால் அன்று நிறுத்தவில்லை. இன்னார் என்னை விட்டுப் போய்விட்டான், இன்னார் எனக்குத் தீமை செய்தான் என்று பவுல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிற இடம். பதின்மூன்றாம் வசனத்தில், துரோவாவில் கார்ப்பு என்பவன் வசத்தில் வைத்துவிட்டு வந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு வா என்கிறார். இருபத்தொன்றில், "மாரிகாலத்துக்கு முன்னே நீ வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு" என்கிறார். நான் படித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள்.

"மழ பிடிச்சா கடல்ல யாரு வருவா? அதான் அதுக்கு முன்ன வந்துடுன்றாரு. போர்வையும் அதுக்குத்தான். வயசான மனுசன், குளுருமில்ல."

கட்டிலில் ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். நான் கையில் வேதத்தோடு அப்படியே இருந்துவிட்டேன். இறையியல் கல்லூரியில் இந்த நிருபத்தை யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனால் ரோமாபுரியில் சிறையில் இருக்கிற ஒரு கிழவருக்குக் குளிர்கிறது, கடல் அடைபடுவதற்குள் பிள்ளை வந்து சேரவேண்டுமே என்று அவருக்குக் கவலை என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். கிரேக்கத்தில் அந்த இடத்தில் உள்ள சொல் குளிர்காலத்துக்கும் வரும், புயல் மழைக்கும் வரும். நம் தமிழ் வேதத்தில் அது மாரிகாலம் ஆனதால்தான் அந்த அம்மாவுக்கு உடனே பிடிபட்டது. மத்தியதரைக் கடலிலும் அந்த நாட்களில் குளிர்மாதங்களில் பெரும்பாலும் கப்பல் ஓட்டமாட்டார்கள். வருவதானால் அதற்கு முன் வரவேண்டும், இல்லையென்றால் அடுத்த வசந்தம்தான். அதுவரை உயிரோடு இருப்போமா என்று தெரியாத மனிதர் எழுதிய வரி அது.

புத்தகம் என்ற சொல்லும் என்னை விடவில்லை. 2015 டிசம்பரில் நான் அடையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு சபையில் இருந்தேன். முதல் தேதி இரவு, ஆயர் குடியிருக்கிற பார்சனேஜுக்குள் தண்ணீர் வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவதற்குள் கீழ் அலமாரி முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் புத்தகங்கள் ஊறிப் பருத்து, அலமாரியை விட்டு இழுக்க வரவில்லை. பலகையைப் பெயர்த்துத்தான் எடுத்தோம். பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளைச் செருகி ஃபேனுக்கு அடியில் போட்டு நாற்பதைக் காப்பாற்றினோம், மிச்சமெல்லாம் போனது. தெருவில் வீடு இழந்தவர்கள் நிற்கும்போது புத்தகத்துக்காக அழுவது தப்பு என்று அன்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். சாகப்போகிற நேரத்தில் பவுல் போர்வையையும் புத்தகத்தையும் ஒரே மூச்சில் கேட்கிறார். அதை அன்றே கவனித்திருந்தால் கொஞ்சம் அழுதிருப்பேன்.

அதிலிருந்து வியாழன்தோறும் சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போகிறேன். கண் தேறிவிட்டது, ஆனாலும் போகிறேன். பென்சில் எடுத்துப்போவதில்லை. யாரோடாவது உட்கார்ந்து வாசித்து இப்படி ஏதாவது நடந்திருந்தால் நீங்களும் எழுதுங்கள்.

* * *

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி:

ஐயா, நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் அப்பா பெரம்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் 29சி பஸ்ஸில் வேலைக்குப் போனவர். உட்கார இடம் கிடைத்தால் பையிலிருந்து சின்ன வேதத்தை எடுத்துவிடுவார். வீட்டில் அவர் வாசித்து நாங்கள் பார்த்ததே இல்லை, பஸ்ஸோடு சரி. அதனால் அவருக்கு பக்தி கம்மி என்று அம்மாவுக்கு ஒரு குறை கடைசி வரைக்கும் இருந்தது.

அப்பா போனபோது அடக்கத்துக்கு வந்த ஒரு போதகர், விசுவாசிகள் அழக்கூடாது, அழுதால் பரலோகத்தை நம்பவில்லை என்று அர்த்தம் என்று மைக்கில் சொன்னார். நான் சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். பல மாதம் அப்படியே இருந்தேன், வேதத்தைத் தொடவே பிடிக்கவில்லை.

வருட நினைவுநாளுக்கு அப்பாவின் பையை எடுத்தபோது அந்தச் சின்ன வேதம் இருந்தது. உள்ளே அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட்டுகள், பழைய மெல்லிய தாள், எழுத்தெல்லாம் மங்கிப்போய். எண்பத்தெட்டாம் சங்கீதத்தில் மட்டும் ஏழு டிக்கெட் இருந்தது. மற்ற இடத்தில் ஒன்று, இரண்டு. எடுத்து வாசித்தேன். அழுது புலம்புகிற மற்ற சங்கீதங்களில் எங்காவது ஒரு வெளிச்சம் வரும், இதில் வரவே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடுகிறது. ஸ்தோத்திரம் கிடையாது, ஒன்றும் கிடையாது. எந்தெந்த நாள், எதற்காக என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஏழு நாளாவது அவர் அந்தக் கூட்ட பஸ்ஸில் இதைத்தான் வாசித்திருக்கிறார். அன்றைக்குத்தான் நான் சத்தமாக அழுதேன். டிக்கெட்டுகளை வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

* * *

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி:

பாஸ்டர், என்னுடையது கொஞ்சம் வேறு. 17 வயதில் ஒரு வாலிபர் முகாமில், கதைப்புத்தகம் வாசிப்பது ஆண்டவருடைய நேரத்தைத் திருடுவது என்று ஒருவர் பேசினார். மனம் குத்தி, வீட்டில் இருந்த நாவல்களை எல்லாம் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். மூர் மார்க்கெட் பக்கம் லில்லி பாண்ட் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. இப்போது எழும்பூரில் கன்னிமரா நூலகத்தில் உறுப்பினராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடித்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். அந்த நேரத்தில் என் மனசு மற்றவர்கள்மேல் இளகுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் வெளியே வரும்போது ஏதோ ஒளித்த மாதிரியே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

* * *

ஆயர்:

சகோதரி, அந்த மைக்கில் பேசியவருக்காக, அதே அங்கியைப் போட்டிருக்கிறவன் என்ற முறையில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு கண்ணீர் விட்டார், அதுவும் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே. உங்கள் அப்பாவின் ஏழு டிக்கெட்டைப் பற்றி நேற்று இரவு என் மனைவியிடம் சொன்னேன், இரண்டு பேரும் அதற்குமேல் பேசவில்லை.

தம்பி, தைரியமாக நூலகத்துக்குப் போங்கள். அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் பவுல் பேசும்போது "உங்கள் புலவர்களிலும் சிலர்" சொல்லியிருக்கிறார்கள் என்று கிரேக்கக் கவிதையை எடுத்து வைக்கிறார். வாசிக்காத ஆள் அப்படிப் பேச முடியாது. 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். இந்த ஊர் ஜனங்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708ல் அதற்கு ஒரு பட்டியலே எழுதினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715ல்தான். வாழ்ந்தது 36 வருடம், அதில் அவ்வளவு நேரத்தை நம் ஊர்ப் புத்தகங்களுக்குக் கொடுத்திருக்கிறார். அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காசிமேட்டு அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று சிலர் கேட்டீர்கள். நன்றாக இருக்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் இருபத்தேழாம் அதிகாரத்துக்கு வந்திருக்கிறோம், பவுலின் கப்பல் புயலில் மாட்டுகிற இடம். உபவாச நாள் கழிந்த பிறகு, அதாவது மாரிகாலம் நெருங்குகிற நேரத்தில், புறப்பட்டார்கள் என்று வாசித்ததுமே தலையில் அடித்துக்கொண்டார்கள். மூன்று வாரமாக அந்த ஒரே அதிகாரம், கப்பலைச் சுற்றிக் கட்டிய கயிற்றைக்கூட விடவில்லை. போன வியாழன் பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டு, பொழுது எப்போது விடியுமோ என்று காத்திருந்தார்கள் என்ற வசனத்தில் நின்றுவிட்டோம். நங்கூரத்தை முன்பக்கம்தானே போடுவார்கள், இவர்கள் ஏன் பின்னால் போட்டார்கள் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், ஒத்துக்கொள்ளவில்லை. பேரன் கடலிலிருந்து வரட்டும், அவனைக் கேட்டுவிட்டு அப்புறம் மேலே படிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.