குடோன் வேலையில் இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் – அனுபவப் பகிர்வு

வெண்ணாற்றங்கரை:
பதினோரு வருஷம் ஆகிவிட்டது. எங்காவது நெல் கொட்டுகிற சத்தம் கேட்டால் இன்னும் கை நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன். டெல்டா பக்கம் ஒரு தனியார் குடோன். நான் பில் கிளார்க். அறுவடை நேரம், வாசலில் லாரி வரிசை. நாற்பது கிலோ நெல் சிப்பம், அதாவது மூட்டை. பதினெட்டு வரிசை உயரத்துக்கு அட்டி போட்டு, அதாவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

காலையில் லோடுமேன் அண்ணன் ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கீழிருந்து மூன்றாவது மூட்டையில் எலி கடித்த ஓட்டை. சுண்டுவிரல்கூட நுழையாது. அதிலிருந்து நெல் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. தரையில் கூம்பு மாதிரி ஒரு சின்னக் குவியல். "தம்பி, மூட்டை இளைக்குது. மேல இருக்கிறதெல்லாம் இந்தப் பக்கம்தான் சாயும். பிரிச்சு அடுக்கிடலாம்" என்றார். "லாரி போகட்டும்ண்ணே, சாயங்காலம் பார்ப்போம்" என்றேன். ஒரு சாக்குத் துணியைக் கிழித்து ஓட்டையில் திணித்துவிட்டு அவரும் வேலைக்குப் போய்விட்டார்.

மூன்று மணி இருக்கும். முதலில் பெரிய சத்தமே இல்லை, ஓட்டில் மழை விழுகிற மாதிரி ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் அட்டியின் முகப்பு வயிறு தள்ளி நிற்கிறது. அப்புறம் மொத்தமும் வந்துவிட்டது. அண்ணன் இடுப்புவரை மூட்டைக்கு அடியில். எல்லோருமாக இழுத்துப் போட்டு அவரை வெளியே எடுத்தோம். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் அதோடு சுமை தூக்குவது போயிற்று. சரிந்த மூட்டைகளை மறுநாள் பிரித்தபோது அந்த மூன்றாவது மூட்டையும் கிடைத்தது. அவர் திணித்த துணி ஓட்டையில் அப்படியே இருந்தது.

ஒரகடம்_நைட்ஷிப்ட்:
எனக்கு நடந்தது ரேக்கில், சரக்கைத் தட்டுத் தட்டாக ஏற்றி வைக்கிற உயரமான இரும்பு அடுக்கு. ஃபோர்க்லிஃப்ட் முனை இடித்து ஒரு தூண் கணுக்கால் உயரத்தில் உள்வாங்கியிருந்தது. நான் ரவுண்ட்ஸ் போகும்போது அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் பெயிண்ட் பளிச்சென்று இருந்தது. தொட்டேன், விரலில் ஒட்டியது. யாரோ அடிபட்டதை மறைக்க அப்போதுதான் பூசியிருக்கிறார்கள். ஒரு மீட்டர் ஸ்கேலை ஒட்டி வைத்துப் பார்த்தால் இடைவெளியில் என் கட்டைவிரல் நுழைந்தது. தட்டைத் தாங்கும் பீம் ஓடும் திசையில் 5 மில்லிமீட்டர், குறுக்கே உள்பக்கமாக 3 மில்லிமீட்டர், இதற்கு மேல் வளைவு கூடாது. அதைப் போல் இரண்டு பங்கு தாண்டினால் உடனே சரக்கை இறக்கி அந்த இடத்தை அடைக்க வேண்டும். மேலே நாலு தட்டு, சரக்கு அடுக்கிய ஒவ்வொரு பேலட் பலகையும் ஒரு டன் பக்கம். சூப்பர்வைசர் "டிஸ்பாட்ச் முடியட்டும்" என்றார். காலையில்தான் இறக்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் விடிகிறவரை அந்த வழியாகப் பையன்கள் நடந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மேஸ்திரி_மகன்:
வெண்ணாற்றங்கரை தம்பி, நீங்கள் இதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்வது சரியில்லை. எலி ஓட்டை கடைசிக் காரணம்தான். பதினெட்டு வரிசையை நேர் செங்குத்தாக ஏற்றியது யார்? அட்டி என்றால் ஒரு வரிசை நெடுக்கு, அடுத்தது குறுக்கு, ஒன்றை ஒன்று பூட்ட வேண்டும். உயரம் ஏற ஏற உள்வாங்க வேண்டும். பத்து மூட்டை உயரத்துக்கு ஒரு தடவையாவது உள்வாங்கிக் குறுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அமெரிக்கக் கட்டட வேலைப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. தைத்த வாய் உள்பக்கம் பார்க்க வேண்டும், தையல் விட்டால் வெளியே கொட்டாது. அடியில் மரச்சட்டம் கட்டாயம், வெறும் தரையில் அடுக்கினால் அடி மூட்டை ஈரம் குடித்து இற்றுப்போகும். சுவரை ஒட்டி அடுக்கவே கூடாது. ஆள் நடக்கிற அளவு, இரண்டரை அடியாவது விட்டால்தான் பின்பக்கம் எலி வளை இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க முடியும். பிரிக்கும்போது மேலிருந்து படிக்கட்டு மாதிரி இறக்க வேண்டும். அவசரத்துக்கு நடுவில் ஒரு மூட்டையைக் கொக்கி போட்டு இழுப்பவர்களை என் அப்பா வேலையை விட்டே அனுப்பிவிடுவார். என் சித்தப்பா அப்படி இழுத்தவர்தான். கொக்கி மாட்டிய கையோடு கிடந்தார், எனக்கு அப்போது எட்டு வயது. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஒரகடம்_நைட்ஷிப்ட்:
அண்ணா, நீங்கள் சொன்ன முறை எல்லாம் சரிதான். ஆனால் அந்த லோடுமேன் அண்ணனுக்கு இது தெரியாதா? காலையிலேயே சொல்லிவிட்டாரே. தெரிந்தவர் "நிறுத்துங்கள்" என்று சொன்னால் வேலை நிற்க வேண்டும். அது எங்கள் இடத்திலும் இல்லை, அங்கேயும் இல்லை.

மருந்து_வண்டி:
நான் பூச்சிமருந்து வைக்கிறவன். அரிசி அட்டியை பிளாஸ்டிக் உறையால் மூடி, உள்ளே மாத்திரை வைத்து, உறையின் ஓரத்தை நீள மணல் பைகளால் அழுத்திவிடுவோம். எச்சரிக்கை பலகை மாட்டி, பூட்டி, சாவியும் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் விடியற்காலை போன் வந்தது, வாட்ச்மேன் தாத்தா வாந்தி எடுத்து மயங்கிக் கிடக்கிறார் என்று. ஓடினேன். அட்டி ஓரமாகப் பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் எங்கள் மணல் பை. தலையணைக்கு ஆகும் என்று உருவி எடுத்திருக்கிறார். அந்த இடத்தில் உறை ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. வெளியே கொசுக்கடி, உள்ளே வெதுவெதுப்பு என்று மாற்றுச் சாவி வைத்துத் திறந்து படுத்தாராம். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தார்.

3 கிராம் மாத்திரை ஒன்று, காற்றின் ஈரம் பட்டதும் 1 கிராம் பாஸ்பீன் என்கிற நச்சு வாயுவை விடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு வாடை, அழுகிய மீன் வாடை என்று சொல்வார்கள், ஆனால் வாடை வரவில்லை என்று நம்பி உள்ளே போகக் கூடாது, மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பலகையில் மண்டை ஓடு படம் இருந்தது, எழுத்தும் இருந்தது. தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் கேட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து வாயால் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எந்த குடோன் போனாலும் முதலில் வாட்ச்மேன் எங்கே படுக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் டப்பாவையே திறக்கிறேன்.

கோவை_பஞ்சு:
சுருக்கமாகச் சொல்கிறேன். பஞ்சு பேல், அதாவது அழுத்திப் பட்டை போட்டுக் கட்டிய பஞ்சுப் பொதி, ஒன்று 170 கிலோ. குடோனில் பிடித்த தீயை அணைத்தாயிற்று என்று நனைந்த பேல்களைத் திரும்ப உள்ளே அடுக்கச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பேலின் இரும்புப் பட்டையைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி சுட்டது. மேலே பஞ்சு இன்னும் ஈரம். இறுக அழுத்திய பேலுக்குள் தண்ணீர் இறங்காது, நடுவில் கங்கு நாள்கணக்கில் கிடக்கும். அன்றைக்கு நான் கை வைக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் வருகிறது. தீப்பட்ட பேலை வெட்டவெளியில், தனியாக, நாள்கணக்கில் பார்வையில் வையுங்கள். பட்டையை வெட்டும்போது எதிரே நிற்காதீர்கள், தெறித்து முகத்தில் அடிக்கும்.

வெண்ணாற்றங்கரை:
மேஸ்திரி மகன் அண்ணா, உங்கள் சித்தப்பாவைப் பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. அட்டி போட்ட விதம் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். சுவரை ஒட்டித்தான் இருந்தது. ஆனால் அன்று காலை ஒருவர் என்னிடம் வந்து சொன்னார், நான் லாரியைப் பார்த்தேன். அதை நான் இறக்கிவைக்க முடியாது.

அந்த அண்ணன் இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் கல்லாவில் உட்காருகிறார். நான் இப்போது வேறு குடோனில் இருக்கிறேன். போன தை மாதம் டீ குடிக்கப் போனபோது, "உங்க இடத்துல எத்தனை வரிசை போடறாங்க?" என்று கேட்டார். பத்து என்றேன். சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "சுவரை விட்டுத் தள்ளிதானே?" என்றார்.