ரீமேப் பண்ணின லாரா விஆர்எஸ்: எந்த கிளட்ச் தாங்கும்?

பேட்டை டர்போ:
அண்ணாச்சிமாரே, ஸ்கோடா லாரா விஆர்எஸ், 1.8 டிஎஸ்ஐ, 6 கியர் மேனுவல். கம்பெனி கணக்கு 160 பிஎஸ் பவர், 250 என்எம் டார்க் (முறுக்கு விசை). இப்ப ரீமேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கைக் கூட்டுறது) ஏர் ஃபில்டரும் மட்டும் மாத்தியிருக்கு, டைனோவில (பவர் அளக்குற மிஷின்) 330 என்எம் காட்டுது. 5-வது கியர்ல 2,000 ஆர்பிஎம்ல முழுசா மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு ஏறுது, வண்டி ஏறல, கிளட்ச் வழுக்குது. ஓடினது 88,000 கி.மீ. அன்னாடம் திருநெல்வேலிக்குள்ள டவுன், ஜங்ஷன், பாளை. மாசம் ஒருக்கா புளியரை வழியா கொல்லம். ஒருத்தர் 6 பக் செராமிக் (ஆறு செராமிக் துண்டு லைனிங் உள்ள டிஸ்க்) போடச் சொல்லுதாவ, இன்னொருத்தர் சிங்கிள் மாஸ் பிளைவீலுக்கு (உள்ள ஸ்பிரிங் இல்லாத ஒத்தைச் சக்கரம்) மாறச் சொல்லுதாவ. எதைக் கேக்க?

பாளை ஸ்பானர்:
ரெண்டையும் கேக்க வேண்டாம். முதல்ல பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்க கூடு) அடியில எண்ணெய் ஈரம் இருக்கான்னு பாருங்க. கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிஞ்சு டிஸ்க் நனைஞ்சாலும் இதே மாதிரிதான் வழுக்கும். அதைக் கவனிக்காம புது கிளட்ச் போட்டா அதுவும் நனையும்.

சீல் நல்லா இருந்தா கணக்குக்கு வருவோம். கிளட்ச் தாங்குறது டார்க்கை, பிஎஸ்ஸை இல்ல. "ஸ்டேஜ் 2", "ஸ்டேஜ் 3"ன்னு பெட்டியில போட்டிருக்கதுக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. எத்தனை என்எம் தாங்கும்னு எழுதியிருக்கா, அதை மட்டும் பாருங்க. 330-க்கு மேல 25 சதவீதம் இடம் விட்டா 410 பக்கம் வரும். 600 தாங்குறதை வாங்கினா காசும் தெண்டம், கால் வலியும் மிச்சம்.

தாங்கும் சக்தி மூணு விஷயத்துல இருக்கு: பிரஷர் பிளேட் அழுத்தம், லைனிங்கோட உராய்வு, டிஸ்க்கோட விட்டம். விட்டத்தை பெல் ஹவுசிங் விடாது. உராய்வைக் கூட்டத்தான் செராமிக் பக். அது கடிச்சா ஒரே கடி, நடுவுல பதம் கிடையாது. ஈரடுக்கு மேம்பாலம் ஏத்தத்துல டவுன் பஸ் பின்னால அடி அடியா நகரும்போது வண்டி உதறும். மிச்சம் இருக்கது அழுத்தம். 320 தாங்குற பிளேட்டுல அழுத்தம் 30 சதவீதம் கூடினா 416. டிஸ்க் ஆர்கானிக்காவே (செராமிக் இல்லாத சாதா லைனிங்) இருக்கட்டும். பெடல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். சிக்னல்ல மிதிச்சுக்கிட்டே நிக்காம நியூட்ரல்ல போடுங்க. கூடுன அழுத்தம் அத்தனையும் ரிலீஸ் பேரிங் மேலயும் கிராங்க் த்ரஸ்ட் பேரிங் மேலயும்தான் விழும்.

ஆலங்குளம் காத்து:
சிங்கிள் மாஸை அப்படி ஒதுக்க வேண்டாம் அண்ணாச்சி. இப்ப இருக்க டூயல் மாஸ் (நடுவுல ஸ்பிரிங் வச்ச ரெண்டு தட்டு பிளைவீல்) போயிருந்தா என்ன செய்ய? கியர்பாக்ஸை இறக்கினதும் வெளித்தட்டைக் கையால ரெண்டு பக்கமும் திருப்பிப் பாக்கணும். ஆட்டம் மேனுவல் அளவைத் தாண்டினாலோ, தட்டு முன்ன பின்ன சாய்ஞ்சாலோ, கிரீஸ் வழிஞ்சாலோ, சூட்டுல நீலம் பாய்ஞ்சிருந்தாலோ அதைத் திரும்ப மாட்டாதீங்க.

பாளை ஸ்பானர்:
சரிதான். ஆனா இவர் ஓட்டுறது ஊருக்குள்ள. சிங்கிள் மாஸ் போட்டா நியூட்ரல்ல கியர்பாக்ஸ் கடகடன்னு சத்தம் போடும், கிளட்ச் மிதிச்சா நிக்கும். பழுது இல்ல, அதிர்வை உறிஞ்ச ஸ்பிரிங் இல்லாததோட விளைவு. பிடிவாதமா அதுக்குத்தான் போவேன்னா, நடுவுல ஸ்பிரிங் உள்ள டிஸ்க் கட்டாயம். இல்லேன்னா அடி நேரா கியருக்குப் போகும்.

புளியரை வளைவு:
மாட்டுறதுல கெடுறதுதான் அதிகம். பிளைவீல் போல்ட் எல்லாம் புதுசா இருக்கணும், முறுக்கும்போதே நீளுற ரகம் அது, ஒரு தடவைக்குத்தான். பிரஷர் பிளேட்ல துருப்பிடிக்காம பூசி வர்ற எண்ணெயை பிரேக் கிளீனர் வச்சுத் துடைங்க. ஸ்பிளைன்ல (டிஸ்க் ஏறுற கியர்பாக்ஸ் தண்டோட பல்லு) கிரீஸ் பேருக்குத் தடவினா போதும். கூடுனா சுழற்சியில தெறிச்சு லைனிங்ல ஒட்டிக்கிடும். தானே சரிசெஞ்சுக்குற ரகப் பிளேட்டா இருந்தா, அமுக்கிப் பிடிக்கிற டூல் இல்லாம போல்ட்டை ஏத்தாதீங்க. அட்ஜஸ்டர் வளையம் இடம் மாறி, கியர் விழாம மக்கர் பண்ணும். போல்ட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். ரிலீஸ் பேரிங் புதுசு. ஸ்லேவ் சிலிண்டர் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுறது) பெல் ஹவுசிங்குக்குள்ள இருக்க ரகம்னா அதையும் மாத்திருங்க, இல்லேன்னா நாளைக்கு அதுக்காகவே மறுபடி கியர்பாக்ஸை இறக்கணும். கடைசியா டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தி கிளட்ச் லைன்ல காத்தெடுங்க.

பேட்டை டர்போ:
அப்ப ஆர்கானிக், 410 என்எம், டூயல் மாஸ் நல்லா இருந்தா அதேதான். போட்ட அன்னைக்கே நாகர்கோவில் வரை ஒரு ஓட்டம் விட்டா புது லைனிங் படிஞ்சு பதம் ஆயிருமா?

பாளை ஸ்பானர்:
நாலுவழிச் சாலையில 6-வது கியர்ல ஒரே ஓட்டமா போனா கிளட்ச் எத்தனை தடவை பிடிச்சு விடும்? பத்து தடவை கூட இருக்காது. அது கணக்குல சேராது. வண்ணாரப்பேட்டை, ஜங்ஷன், டவுன்னு 800 கி.மீ. ஊருக்குள்ளயே ஓட்டுங்க, டர்போ பூஸ்ட்டைத் தொடாம, மெதுவா மிதிச்சு. அதுக்கப்புறம் 4-வது கியர்ல 2,000-லருந்து மிதிச்சுப் பாருங்க. அப்பவும் முள்ளு தனியா எகிறினா டிஸ்க்கைக் குறை சொல்லுறதுக்கு முன்னால பெடல் முழுசா மேல வருதா, லைன்ல அழுத்தம் தங்கி நிக்கான்னு பாத்துட்டு வந்து எழுதுங்க.