யார் கேட்கிறார் என்பதை முதலில் பாருங்கள்: விமான நிலைய விசாரணையும் பயணியின் உரிமைகளும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து புதிதாக வெளிநாட்டில் குடியேறியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கும், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கக் காத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் லண்டனுக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. வாடகை வீடு, வங்கிக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். விமான நிலையத்தில் ஒருவரைத் தனியே அழைத்துக் கேள்வி கேட்டால் அவர் எதற்குக் கட்டுப்பட்டவர், எதைக் கேட்டுப் பெறலாம் என்பதை மட்டும், அது தமக்கு நேரும் வரை, யாரும் யோசிப்பதில்லை.

என் தாயார் முதன்முறையாகத் தனியே வந்தபோது, விமானம் மாறும் ஓர் ஊரில் அவரை நிறுத்தினார்கள். "இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா? வேறு யாராவது ஏதேனும் கொடுத்தனுப்பினார்களா?" என்பது கேள்வி. நம் ஊரில் ஒருவர் விமானம் ஏறப் போகிறார் என்று தெரிந்தால், தெருவில் பாதிப் பேர் பொட்டலத்தோடு வந்து நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஆச்சி தம் பேரனுக்கென்று கொடுத்த எவர்சில்வர் தூக்கு ஒன்றும் பெட்டியில் இருந்தது. என் தாயார் உண்மையைச் சொன்னார்: பெட்டியைக் கட்டியது மருமகள், தூக்கைக் கொடுத்தது பக்கத்து வீட்டு ஆச்சி, உள்ளே என்ன இருக்கிறது என்று தமக்குத் தெரியாது. அதன்பின் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், மரியாதைக்காகத் தலையை ஆட்டியிருக்கிறார். அங்கே துப்புரவுப் பணியிலிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் வந்து மொழிபெயர்க்கும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்திருந்தார். தூக்கைத் திறந்தபோது இருந்தது மாவுருண்டை.

அவர் மேல் குற்றமில்லை. கேட்டவர்கள் மேலும் எனக்குப் பெரிய கோபமில்லை. பிறர் கொடுத்தனுப்பும் பொருளில் வெடிபொருளோ போதைப்பொருளோ மறைந்திருக்கலாம் என்பதற்காகவே அந்தக் கேள்வி உலகம் முழுவதும் கேட்கப்படுகிறது. ஆனால் புரியாத கேள்விக்கு "ஆமாம்" போடுவது ஒன்றைப் போல் ஆபத்தானது வேறில்லை. "எனக்குப் புரியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்வது அவமரியாதையும் அன்று, ஒத்துழைக்க மறுப்பதும் அன்று. பிறருக்காக எதையாவது கொண்டுபோக ஒப்புக்கொண்டால், கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே மறுபடி கட்டுங்கள். ஆச்சி முகம் சற்று வாடத்தான் செய்யும், அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். விமான நிலையத்தில் சீருடை அணிந்தவர்கள் எல்லோரும் ஒரே அதிகாரம் உடையவர்கள் அல்லர். பையைச் சோதிப்பவர், விமான நிறுவன ஊழியர், குடியேற்ற அதிகாரி, சுங்க அதிகாரி, காவலர் என்று ஐந்து வகையினர் உங்களிடம் கேள்வி கேட்கக்கூடும். உங்கள் உரிமையும் கடமையும் ஒவ்வொருவரிடத்திலும் மாறுகின்றன. ஆகவே பணிவாக, "நீங்கள் எந்தத் துறையைச் சேர்ந்தவர்? நான் காவலில் இருக்கிறேனா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பையைச் சோதிப்பவர்களை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் இவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்தின் ஊழியர்களோ ஒப்பந்த நிறுவனத்தினரோ ஆவர், காவலர்கள் அல்லர். அமெரிக்காவில் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான டி.எஸ்.ஏ. என்னும் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் சோதனை அலுவலர்களுக்கும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. தேவையானால் காவல் துறையைத்தான் அழைப்பார்கள். இந்தியாவில் திருச்சி, மதுரை, சென்னை நிலையங்களில் நிற்பவர்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். இந்தச் சோதனைக்கு உடன்படாவிட்டால் விமானம் ஏற முடியாது என்பது எல்லா நாட்டிலும் பொது. சோதனை தொடங்கிய பிறகு, "எனக்குப் பயணமே வேண்டாம், போகிறேன்" என்று திரும்பிவிடலாம் என்றும் எண்ணக் கூடாது; அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2007இல் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதில் நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவை உண்டு. உடலைத் தடவிச் சோதிப்பவர் உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். தனியறையில் வைத்துச் செய்யும்படி கேட்கலாம். அமெரிக்காவில் உடன் வந்தவர் ஒருவரையும் அந்த அறைக்குள் அழைத்துச் செல்லலாம். புடவையின் கொசுவமும் கொண்டையும் ஸ்கேனர் என்னும் உடல் வருடியில் அடையாளம் காட்டுவது வழக்கம் என்பதால், நம் தாய்மார்கள் இந்தச் சோதனைக்கு அடிக்கடி ஆளாகிறார்கள். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு கலங்க வேண்டாம். தாலியைக் கழற்றச் சொன்னால், கழற்றாமலே தனியறையில் கையால் சோதிக்கும்படி கேளுங்கள். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களும் இதயமுடுக்கி பொருத்தியவர்களும் உலோகச் சோதனைக் கதவுக்குள் நுழைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நம் பலகாரங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊடுகதிர்த் திரையில் உணவு போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். வெடிமருந்துகளில் பலவும் அதே நிறத்தில்தான் தெரியும். நெருக்கமாக அடுக்கிய அதிரசமும் மாவுருண்டையும், அதுவும் கதிர் எளிதில் ஊடுருவாத எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இருந்தால், எந்த அலுவலரையும் பெட்டியைத் திறக்க வைக்கும். பலகாரத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 2018 ஜூன் 30 முதல், கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேற்பட்ட தூள்களைத் தனியே சோதிக்கிறார்கள். அது என்னவென்று தீர்மானிக்க முடியாவிட்டால் அனுமதிக்க மாட்டார்கள். எனவே இட்லிப் பொடியும் கறிமசாலாவும் சரக்குப் பெட்டியில் போகட்டும். கொப்பரைத் தேங்காய், அதிலுள்ள எண்ணெய்ப் பசையால், தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விமானத்தில் அதை ஆபத்தான சரக்காகக் கருதுகிறார்கள். கையைத் துடைத்த துணியை வெடிபொருள் கண்டறியும் எந்திரத்தில் வைக்கும்போது, கிளிசரின் கலந்த களிம்போ தோட்டத்து உரமோ கூட எச்சரிக்கை ஒலி எழுப்பலாம். அப்போது பதறாமல் காரணத்தைச் சொன்னால் போதும்.

கசகசாவைத் தனியாகவே சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் குழம்பு அது இல்லாமல் கெட்டிப்படாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் அது அபினிச் செடியின் விதை என்பதால் தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூரிலும் அதைப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள். அரைத்த மசாலாவில் கலந்திருந்தாலும் கலந்ததுதான். துபாய் வழியாக மாறிச் செல்பவர்களும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். இங்கே உரிமை பேசிப் பயனில்லை. கொண்டுபோகாமல் இருப்பதே வழி.

குடியேற்ற அதிகாரியிடம் நிலைமை வேறு. அங்கே பதில் சொல்ல மறுத்தால், விசாவோடு வருபவரை அப்படியே திருப்பி அனுப்பலாம். அமெரிக்காவில் 'செகண்டரி' என்னும் இரண்டாம் கட்ட விசாரணையில், குற்ற விசாரணையாக மாறாத வரை, வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. கைபேசியையும் அவர்கள் நீதிமன்ற ஆணை இல்லாமலே பார்க்கலாம். அமெரிக்கக் குடிமகன் கடவுச்சொல்லைத் தர மறுக்கலாம், அவரை நாட்டுக்குள் விட்டாக வேண்டும், ஆனால் கருவியைப் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடும். குடிமகன் அல்லாதவர் மறுத்தால் நுழைவே கேள்விக்குறியாகும்.

கிரீன் கார்டு வைத்துக்கொண்டு ஊரிலேயே அதிக நாள் தங்கிவிடும் பெற்றோருக்கு ஒரு சொல். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் கேள்விகள் கூடும். ஓராண்டுக்கு மேல் என்றால் மறுநுழைவு அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அப்படி வரும் முதியவரிடம் ஐ-407 என்னும் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், அது நிரந்தர வாழ்வுரிமையைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் படிவம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். கையெழுத்திடுமாறு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்க அவருக்கு உரிமை உண்டு. "எழுதிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள்" என்ற நினைப்பில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

பிரிட்டனில் காவலர் நிறுத்தினால், அது பயங்கரவாதச் சட்டம் 2000இன் ஏழாம் அட்டவணைப்படியா என்று கேளுங்கள். அந்த அட்டவணைப்படி, எந்தச் சந்தேகமும் இல்லாமலே ஒருவரை விசாரிக்கலாம். பதில் சொல்ல மறுப்பதே குற்றம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் முறைப்படி காவலில் வைக்க வேண்டும். மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காவலில் வைத்ததும் வழக்கறிஞரிடம் பேசவும், வீட்டாருக்குச் செய்தி சொல்லவும் உரிமை பிறக்கிறது. இனத்தையோ மதத்தையோ மட்டுமே காரணமாக வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அதன் நடைமுறை விதி சொல்கிறது. அப்படி நடந்ததாகத் தோன்றினால், அதிகாரியின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பின்னர் புகார் எழுதுங்கள், அங்கேயே வாதாட வேண்டாம். எந்த நாட்டிலும் கைது செய்யப்பட்டால், இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தருகிறது.

ஊர் திரும்பும்போது நம்மவர்களைக் கலங்கடிப்பது சுங்கம்தான், அதிலும் நகை. திருமணத்துக்கென்று கழுத்திரு என்னும் செட்டிநாட்டுத் தாலி நகையை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள், புறப்படும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், திரும்பும்போது அது உங்கள் பழைய நகை என்று மெய்ப்பிக்கப் போராட வேண்டியிருக்காது. இந்தியச் சுங்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி, உடல் சோதனைக்கு முன் அருகிலுள்ள கெசட்டட் அதிகாரியிடமோ நீதித்துறை நடுவரிடமோ அழைத்துச் செல்லும்படி கேட்கலாம்; பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்; சாட்சிகள் இருவர் இருக்க வேண்டும். பொருளைப் பிடித்து வைத்தால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். அவர்கள் எழுதியதை உங்களுக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.

இந்தப் பதிவின் கீழ் வாசகர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

மான்செஸ்டரிலிருந்து எழுதிய தம்பிக்கு: சோதனையால் விமானம் தவறினால் நிறுவனம் இழப்பீடு தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியே, பாதுகாப்புக் காரணத்தால் ஏற்ற மறுப்பதை இழப்பீட்டிலிருந்து விலக்கிவிடுகிறது. ஒரே பயணச்சீட்டாக எடுத்திருந்தால், தவறிய இணைப்புக்கு மாற்று விமானம் கேட்பதாவது எளிது. ஆகவே விசாரணை நீள்கிறது என்று தெரிந்தவுடன், விமான நிறுவனத்துக்குத் தகவல் சொல்லும்படி அந்த அதிகாரியிடமே கேட்டுவிடுங்கள். கோபத்தில் ஊழியரைத் திட்டினால், இந்திய விமானங்களில் 2017 முதல் உள்ள விதிப்படி, வாய்ச்சண்டைக்கே மூன்று மாதம் வரை பறக்கத் தடை விதிக்கலாம். "தூக்கில் குண்டா வைத்திருக்கிறேன்?" என்று வேடிக்கையாகக்கூடக் கேட்டுவிடாதீர்கள்.

அப்பத்தாவைத் தனியே வரவழைக்கப்போகும் தங்கைக்கு: சக்கர நாற்காலி உதவியை முன்பதிவிலேயே கேளுங்கள், உடன் வரும் ஊழியர் வரிசைதோறும் நிற்பார். ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும், அவர் யார் வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறார், உங்கள் முகவரி, கைபேசி எண், உட்கொள்ளும் மருந்துகள், செய்துகொண்ட அறுவை, தமிழ் மட்டுமே தெரியும் என்பது ஆகியவற்றை எழுதி, கடவுச்சீட்டுக்குள் வைத்துவிடுங்கள். என் தாயார் இரண்டாம் முறை வந்தபோது அந்தத் தாளை நீட்டியதும், அலுவலர் படித்துவிட்டுத் தொலைபேசியில் என்னை அழைத்தார். தூக்கு அந்த முறையும் வந்திருந்தது. பிரித்துப் பார்த்துத்தான் கொண்டு வந்ததாகச் சொன்னார்.