ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றது கதையா, கம்பெனியா?

கடலூரான்:
1986-ல் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன் படத்தை நேற்று என் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதிப் படம்கூட ஆகவில்லை, லாரியாக மாறும் ரோபோ நாயகன் ஆப்டிமஸ் பிரைம் செத்துப்போகிறான். பையன் தேம்பித் தேம்பி அழுதான். கதைக்காக நடந்த சாவு இல்லை அது. 1984-ல் இறக்கிய பொம்மைகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டுப் புதியவற்றை விற்க ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி நினைத்தது, அதனால் பழைய பாத்திரங்கள் சாகவேண்டியதாயிற்று. பொம்மைக் கம்பெனி கையில் கதை மாட்டினால் இதுதான் நடக்கும்.

தேன்மொழி:
அந்தக் கம்பெனி இல்லையென்றால் பிரைமே இல்லையே அண்ணா! ஜப்பானின் டகாரா நிறுவனத்திடமிருந்து ஹாஸ்ப்ரோ உரிமை வாங்கிய பொம்மைதான் அந்த லாரி. அங்கே அது மனிதர் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம், அவ்வளவுதான். அதற்குப் பெயரும் உயிரும் கொடுத்தவர்கள் மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர்கள். விற்பதற்காகத்தான் எழுதினார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெறும் விளம்பரத்துக்காக ஒரு குழந்தை தேம்பி அழுமா?

கடலூரான்:
அழும் தங்கச்சி. எது கதை, எது விளம்பரம் என்று ஆறு வயதில் பிரித்துப் பார்க்கத் தெரியாது. என் பயமே அதுதான். குழந்தைகள் நிகழ்ச்சியில் எவ்வளவு நேரம் விளம்பரம் போடலாம் என்ற வரம்பை 1984-ல் அமெரிக்கா எடுத்துவிட்டது. அதற்கு முந்தின வருடமே மேட்டல் என்ற இன்னொரு கம்பெனியின் ஹீ-மேன் பொம்மை கார்ட்டூனாக டிவிக்கு வந்தாயிற்று. 1990-ல் சட்டம் போட்டு, மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் பத்தரை நிமிடம் என்று கட்டினார்கள். பொம்மையை வைத்தே எடுத்த நிகழ்ச்சியை அந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மரப்பாச்சி:
இருவரும் கார்ட்டூனிலேயே நிற்கிறீர்கள். 1964-ல் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் உருவத்தை இறக்கியபோது, ஆண்பிள்ளைகள் 'டால்' வாங்கமாட்டார்கள் என்று ஹாஸ்ப்ரோ அதை 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று விற்றது. ஓரடி உயரம், உடை மாற்றலாம், கை கால் மடக்கலாம். பொம்மை இல்லாமல் வேறென்ன? ஒரு கம்பெனி விற்பனைக்காக உண்டாக்கிய சொல்லை இன்று உலகமே சொல்கிறது. போன மாதம் என் மகள் ஒரு ரோபோவைத் தொட்டதும், "அது பசங்க ஐட்டம்மா" என்றார் கடைக்காரர். அவள் கையை எடுத்துக்கொண்டதை இன்னும் மறக்க முடியவில்லை.

தேன்மொழி:
படிக்கவே வலிக்கிறது அக்கா. இதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அண்ணா, பிரைம் செத்ததும் குழந்தைகள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1987-ல் அவனைத் தொடரில் மீண்டும் உயிரோடு கொண்டுவந்தார்கள். அதே வருடம் வந்த ஜி.ஐ. ஜோ படத்தில் டியூக் என்ற நாயகன் சாவதாக இருந்தது. பிரைமுக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்து, அவன் கோமாவில் இருக்கிறான் என்று வசனத்தை மாற்றினார்கள். அந்தக் கம்பெனியையே பிள்ளைகள் பணியவைத்திருக்கிறார்கள்.

கடலூரான்:
டியூக் விஷயம் எனக்குப் புதிது. பிரைம் திரும்பி வருவான் என்று பையனிடம் சொல்லிவிட்டேன், இன்றிரவு அந்த எபிசோடைப் பார்க்கப்போகிறோம். முடிந்ததும் அந்த லாரி வேண்டுமென்று கேட்பான். என்ன பதில் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.